ஓகியெக் முறையில் மரக்கூடு வைத்துத் தேன் எடுப்பது எப்படி

கென்யக் காட்டு மக்களான ஓகியெக் மக்களின் தேன் முறை பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: மரத்தை எப்படிக் குடைகிறார்கள்? அதைச் சொல்கிறேன், கீழே விரிவாகவே இருக்கிறது. ஆனால் கென்யாவின் மாவ் காட்டில் தேன் வேலை கோடரியில் தொடங்குவதில்லை, மலைச்சரிவில் தொடங்குகிறது. சரிவை மறந்துவிட்டுக் கூட்டை மட்டும் செய்து மாட்டினால் அது நல்ல கூடாக இருக்கலாம், தேனீ வந்து தங்கவும் செய்யலாம், ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலையில் பாதிகூட உங்களுக்குப் பிடிபடாது. எனக்கே இது புரிய நாள் பிடித்தது. அதனால் சரிவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கும் முன்னால் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொள்வோம். பழைய அரசுக் கோப்புகளிலும் பயணக் குறிப்புகளிலும் இவர்களை ‘தொரோபோ’, ‘ன்தொரோபோ’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அது மாடு மேய்க்கும் அண்டை இனமான மாசாய் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். மாடு இல்லாதவன், அதாவது ஒன்றுமில்லாதவன் என்று பொருள். மாட்டை வைத்தே மனிதனை அளக்கும் ஊரில் காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. அதை நீங்கள் பயன்படுத்தாதீர்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஓகியெக். அதற்கு அவர்கள் தரும் விளக்கம், செடிகொடிகளையும் காட்டு விலங்குகளையும் பார்த்துக்கொள்கிறவர் என்பது. மொழி கலெஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது, கிழக்காப்பிரிக்க மொழிகளில் தென் நைலோட்டிக் என்னும் பிரிவு. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 52,000 பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலோர் மாவ் காட்டைச் சுற்றியும், ஒரு பகுதியினர் உகாண்டா எல்லையை ஒட்டிய எல்கன் மலையிலும் இருக்கிறார்கள்.

சரி, இப்போது சரிவுக்கு வருவோம்.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா சொல்லவில்லை, வரைந்து பார்த்தால்தான் இது மண்டையில் ஏறும். தாளின் அடியில் 2,000 மீட்டர் உயரம் என்று குறியுங்கள், மேலே 3,000 மீட்டர் என்று குறியுங்கள். மாவ் காடு கிட்டத்தட்ட இந்த உயரங்களுக்கு இடையில், பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், சுமார் 4 லட்சம் ஹெக்டேருக்குப் பரந்து கிடக்கிறது. மாரா, சோண்டு, ன்ஜோரோ என்று பல ஆறுகள் இங்கேதான் பிறக்கின்றன. விக்டோரியா ஏரிக்கும் நகுரு ஏரிக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. அடிவாரத்தில் புதரும் திறந்த காடும். அதற்கு மேலே செடார், போடோ, காட்டு ஆலிவ் என்று நெடு மரங்கள். இன்னும் மேலே மூங்கில். மூங்கிலுக்கு நடுவிலும் மேலும் புல்வெளித் திட்டுகள். இந்த அடுக்குகளைக் கிடைக்கோடுகளாகப் போடுங்கள். அப்புறம் இரண்டு ஓடைகளை மேலிருந்து கீழாக வரையுங்கள். இரண்டு ஓடைகளுக்கு நடுவில் ஒரு நீளமான துண்டு கிடைக்கிறது அல்லவா? பழைய வழக்கப்படி ஒரு வம்சத்துக்குச் சொந்தமான நிலம் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இருக்கும். அகலம் கம்மி, உயரம் அதிகம். அடிவாரம் முதல் உச்சி வரை எல்லா அடுக்கையும் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும்.

ஏன் இப்படி? காரணம் பூ. ஒரே மரம்கூட எல்லா உயரத்திலும் ஒரே நாளில் பூப்பதில்லை. அதோடு ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு மரம், வேறு வேறு பருவம். கீழே பூ முடியும்போது நடுவில் தொடங்கும், நடுவில் முடியும்போது மேலே. பூ எங்கேயோ ஈ அங்கே. ஆப்பிரிக்கத் தேனீக்கள் சுலபமாக இடம் மாறுபவை, ஒரு இடத்தில் தீனி குறைந்தால் கூட்டையே காலி செய்துவிட்டுப் போய்விடும். அதனால் கூடு வைப்பவனும் ஒரே உயரத்தில் எல்லாக் கூட்டையும் வைக்க முடியாது. குடும்பம் வருடம் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும், எந்த அடுக்கில் தேன் கட்டியிருக்கிறதோ அங்கே கொஞ்ச நாள் தங்கும், அந்தப் பக்கத்து வேட்டையையும் பார்க்கும், பிறகு நகரும்.

இப்போது அந்தத் தாளில் நடு அடுக்கை மட்டும் பென்சிலால் அடித்துவிடுங்கள். அது இனி அரசாங்கக் காடு, உள்ளே வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கூடும் கீழே உள்ள கூடும் அப்படியே இருக்கின்றன, ஆனால் வருடத்தில் பல மாதம் கையில் தேன் இல்லை. ஓகியெக் மக்களுக்கு நடந்தது இதைவிட மோசம். 1932 முதல் 1934 வரை இயங்கிய காலனி அரசின் நில ஆணையம், இவர்களுக்கென்று தனி நிலம் தேவையில்லை, பக்கத்து இனங்களோடு சேர்த்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் வெளியேற்றங்கள் நிற்கவில்லை. 2001இல் அரசே மாவ் காட்டில் பல்லாயிரம் ஹெக்டேரைக் காட்டுப் பட்டியலிலிருந்து நீக்கி மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது. 2009 அக்டோபரில் 30 நாளில் காலி செய்யுங்கள் என்று காட்டுத் துறை நோட்டீஸ் கொடுத்தது. இந்த நோட்டீஸில்தான் வழக்கு தொடங்கியது, அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு, அடித்துவிட்ட அந்த நடு அடுக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுத்த வேலை பூக்கணக்கு. ஓகியெக் தேன்காரர் ஒருவருக்கு எந்த மரம் எப்போது பூக்கும் என்பது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், எந்தப் பூவின் தேன் எப்படி இருக்கும் என்பதும். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டுமானால் இரண்டு பூக்களில் தொடங்கலாம். முதலாவது சிலிப்வேத். தாவரவியலில் டொம்பேயா இனம். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூக்கும். இதன் தேன் உறைந்தால் வெளுத்து, கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளையாக வரும், ஓகியெக் தேன் என்று வெளியில் பேர் வாங்கியது இதுதான். இரண்டாவது செத்யோத். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காட்டின் அடித்தளத்தில் புதராக வளரும் செடி, பல வருடம் இலையும் தண்டுமாகவே நின்றுகொண்டிருக்கும், பிறகு ஒரு வருடம் மலை முழுக்க ஒரே சமயத்தில் பூத்துத் தள்ளிவிட்டுச் செத்துப்போகும். நம் குறிஞ்சி ஞாபகம் வருகிறதா? வரத்தான் வேண்டும். மிமுலோப்சிஸ் என்னும் அந்தச் செடியும் குறிஞ்சியும் ஒரே தாவரக் குடும்பம். கலெஞ்சின் மக்களிடம் இந்தப் பூவை வைத்து வருடங்களை எண்ணும் வழக்கமும் உண்டு. செத்யோத் பூக்கும் வருடம் தேன் வருடம். அந்த வருடத்துக்குக் கூடுகள் தயாராக இல்லை என்றால் அடுத்த வாய்ப்புக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆக, கூடு செய்யும் முன் குறைந்தது ஒரு வருடம் சும்மா நடந்து பூவை எழுதிவையுங்கள். எந்த மரம், எந்த உயரம், எந்த வாரம். மரம் குடையும் வாச்சியைக் கையில் எடுக்க அவசரப்படாதீர்கள்.

இனி மரம். மாவ் காட்டில் முதல் விருப்பம் செடார். அவர்கள் மொழியில் தரக்வேத். பெயர் செடார் என்றாலும் உண்மையில் ஜூனிப்பர் இனம். கிழக்காப்பிரிக்கப் பென்சில் செடார் என்று வியாபாரத்தில் சொல்வார்கள், பென்சில் செய்யப் பயன்பட்டதால். இதன் கட்டையைக் கரையான் அரிக்காது, மழையில் சீக்கிரம் உளுத்துப்போகாது, நேராகப் பிளக்கும், வாசனையும் உண்டு. ஒரு நல்ல கூடு செய்தவன் காலம் தாண்டியும் மரத்தில் இருக்கும், மகனுக்குப் போகும். இந்தக் குணங்களே செடாருக்கு எமனாகவும் ஆயின. வேலிக்கால் கரையான் அரிக்காமல் நிற்க வேண்டும் என்றால் எல்லோரும் தேடுவது இதைத்தான், அதனால் வெட்டித் தீர்த்தார்கள். பல இடங்களில் பழைய செடார்க் காடு இருந்த இடத்தில் பைனும் சைப்ரஸும் வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். பச்சையாகத்தான் இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் காடு என்றே தோன்றும். ஆனால் தேனீக்கு அதில் தேன் கிடையாது. காட்டுப் பரப்பைக் கணக்கெடுக்கும்போது இந்தத் தோட்டத்தையும் சேர்த்துச் சொல்வார்கள் பாருங்கள், அந்தக் கணக்கைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள். தானாக விழுந்து காய்ந்த தண்டைத் தேடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, பச்சைக் கட்டை காயும்போது வெடிக்கும், பொருத்திய இரண்டு பாதியும் கோணிக்கொண்டு இடைவெளி விடும். நீளம் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இருக்கலாம். ரொம்பத் தடிமனாக எடுத்தால் மரத்தில் ஏற்ற முடியாது, ரொம்ப ஒல்லியாக எடுத்தால் குடைந்தபின் உள்ளே இடம் இருக்காது.

தண்டின் ஒரு முனையில், வட்டத்தின் நடுவே, கோடரியால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் கடின மரத்தில் செய்த ஆப்பை அடியுங்கள். ஒரே ஆப்பை முழுக்க இறக்கக் கூடாது. முதல் ஆப்பு கொஞ்சம் இறங்கியதும் தண்டின் பக்கவாட்டில் விரிசல் ஓடும், அந்த விரிசலில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும், முடிச்சு இருக்கும் இடத்தில் அது விலகி ஓடப் பார்க்கும், அங்கே கோடரியால் நாரை வெட்டிக்கொடுத்தால் மறுபடி வழிக்கு வரும். நன்றாகப் பிளந்த தண்டு இரண்டு ஓடமாகக் கிடக்கும், பிளந்த முகம் சிவந்து, எண்ணெய் பூசியதுபோல் மினுமினுக்கும். இந்தப் பிளவு முகத்தைச் சீவி நேராக்காதீர்கள். மேடும் பள்ளமும் அப்படியே இருந்தால்தான் திரும்பச் சேர்க்கும்போது ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும், வெளிச்சம்கூட உள்ளே போகாது.

இரண்டு பாதியையும் வாச்சியால் குடையுங்கள். இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வாருங்கள். சுவர் கனம் இரண்டு விரல்கடை இருக்கட்டும். மாவ் காட்டில் இரவுக் குளிர் கடுமையானது, சுவர் மெலிந்தால் உள்ளே குஞ்சு அடை விறைத்துப்போகும். உள்பக்கத்தை வழவழப்பாக்கத் தேவையில்லை. சொரசொரப்பு இருந்தால்தான் ஈக்கு அடை பிடிக்க வசதி. குடைந்து முடித்ததும் இரண்டு பாதியையும் சேர்த்துக் கொடியாலோ தோல் வாராலோ இறுக்கிக் கட்டி, இரண்டு முனைக்கும் மரத்தட்டு செய்து அடையுங்கள். ஒரு முனையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சில துளைகள் போதும், அதுதான் வாசல். மறுமுனைத் தட்டு கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். நீளமான கூட்டில் ஈக்கள் வாசல் பக்கமாகக் குஞ்சு அடையையும், வாசலிலிருந்து தள்ளிப் பின்பக்கமாகத் தேன் அடையையும் கட்டும் வழக்கம் உடையவை. பின்தட்டைத் திறந்தால் முதலில் கைக்குக் கிடைப்பது தேன். குஞ்சுகளை நெருங்காமலே எடுத்துவிடலாம். செடார்ப் பட்டையை நீளமாக உரித்துக் கூட்டின் முதுகில் கூரைபோல் போர்த்திவிட்டால் மழை ஒழுகாது, குளிரும் கொஞ்சம் தடுக்கும்.

மாட்டும் முன் உள்ளே பழைய மெழுகையோ தேனீப் பிசினையோ சூடாக்கித் தேய்த்துவிடுங்கள். வாசனை ஒன்றே அழைப்பு. யாரும் ஈயைப் பிடித்து உள்ளே விடுவதில்லை. கூட்டத்திலிருந்து பிரிந்து வீடு தேடும் ஈக்கள் தானாக வரும். வந்தால் வரும். பத்துக் கூடு மாட்டினால் பத்திலும் ஈ வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதனால்தான் ஒருவரே பல கூடுகளைப் பல உயரங்களில் வைத்திருப்பார்.

எங்கே மாட்டுவது? உயரமான மரத்தின் கிளைப் பிரிவில். தரையிலிருந்து எவ்வளவுக்கெவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவுக்கவ்வளவு கூட்டை உடைத்துத் தேன் தின்னும் தேன்வளைக்கரடி என்ற விலங்கின் தொல்லை குறையும், ஆள் தொல்லையும் குறையும். கூடு கிடையாகப் படுத்திருக்க வேண்டும், வாசல் முனை ஒரு நூல் தாழ்ந்திருந்தால் உள்ளே வியர்க்கும் தண்ணீர் வழிந்துவிடும். மரம் ஏறுவது கொடியும் தோல் கயிறும் கொண்டு. இதைப் படித்துவிட்டு நேரே போய் இருபது மீட்டர் ஏறிவிடாதீர்கள். அங்கே சிறுவயதிலேயே அப்பாவோடு, மாமாவோடு ஏறிப் பழகியவர்கள் அவர்கள், அவர்களிலும் விழுந்தவர்கள் உண்டு. பழகாதவர்கள் ஏணி எட்டும் உயரத்திலேயே மாட்டலாம், ஈக்கு அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. மரம் ஏறுவது ஆண்களின் வேலையாகவே இருந்தது, இன்று தாழ்வாக வைக்கும் பெட்டிக்கூடுகள் வந்தபிறகு ஓகியெக் பெண்களும் தங்கள் பேரில் கூடு வைத்துத் தேன் எடுக்கிறார்கள். எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒரு கூடு யாருடையது என்பதில் குழப்பமே கிடையாது. கூடு செய்தவனுக்குச் சொந்தம், மரம் நிற்கும் சரிவு வம்சத்துக்குச் சொந்தம். பிறர் கூட்டில் கைவைப்பது சின்னத் திருட்டு இல்லை, சாபம் வரை போகும் குற்றம்.

இனி முக்கியமான இடம், தேன் எடுப்பது. பொழுது சாய்ந்தபிறகு செய்யுங்கள். மாவ் காட்டில் இரண்டு வகைத் தேனீ உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். தாழ்வான இடங்களில் பரவியிருப்பது கோபக்கார ஆப்பிரிக்க வகை. கிழக்காப்பிரிக்க மலைகளின் உயரக் காடுகளில் இருப்பது உடல் கறுத்த மலைத் தேனீ, கொஞ்சம் சாது. இரண்டும் கலந்தும் இருக்கும், ஆகவே சாது என்று நம்பிப் போகாதீர்கள். இருட்டில் ஈக்கள் துரத்திப் பறப்பது குறைவு, ஆனால் ஊர்ந்து வரும், கைச்சட்டைக்குள் நுழையும். கைமுனையையும் கால்முனையையும் கட்டிக்கொள்ளுங்கள்.

புகைக்கு, செடார்ப் பட்டையைக் கையால் கசக்கி நாராக்கி, ஈரப்பாசியோடு சேர்த்து உருட்டிக் கட்டுங்கள். பட்டை நார் கனன்றுகொண்டே இருக்கும், பாசி அதைத் தீப்பிடிக்கவிடாது. ஜுவாலை வரக்கூடாது, வெள்ளைப் புகை மட்டும் வர வேண்டும். முதலில் வாசலில் இரண்டு மூன்று தடவை ஊதிவிட்டுக் காத்திருங்கள். புகை பட்டதும் உள்ளே ஈக்கள் காட்டுத்தீ என்று எண்ணித் தேனை வயிறு முட்டக் குடிக்கும், வயிறு நிறைந்த ஈ கொட்டுவது குறைவு. இன்னொரு வேலையும் புகை செய்கிறது. ஒரு ஈ கொட்டியதும் அந்த இடத்தில் வாழைப்பழம்போல ஒரு வாசனை வரும், அது மற்ற ஈக்களுக்கு ‘இங்கே கொட்டு’ என்ற சமிக்ஞை. புகை அந்த வாசனையை மறைத்துவிடும். கொட்டுப்பட்டால் கொடுக்கை நகத்தால் வழித்து எறிந்துவிட்டு அந்த இடத்திலேயே புகை காட்டுங்கள், தேய்த்துக்கொண்டே நிற்காதீர்கள்.

பின்தட்டைக் கழற்றியதும் முதல் அடையைக் கண்ணால் பார்க்கும் முன் விரலால் தொட்டுப் பாருங்கள். நல்ல தேன் அடை கனமாக, வெளிமுகம் மூடி போட்டு இறுகியிருக்கும், லேசாக அழுத்தினால் மூடி உடைந்து விரல் நனையும். மூடி போடாத அடையில் விரல் வைத்தால் நேரே ஈரம் படும், அதை விட்டுவிடுங்கள், தண்ணீர் வற்றாத தேன் அது, சீக்கிரம் புளிக்கும். இன்னும் உள்ளே போனால் விரலுக்குச் சூடு தட்டும். ஈக்கள் நெருக்கியடித்துக்கொண்டு குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் இடம் அது. அங்கே மூடி உப்பலாக, உலர்ந்து, ரொட்டியின் மேல்தோல் மாதிரி இருக்கும். கை அங்கேயே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு அடையும் எடுக்கக் கூடாது. முன்பெல்லாம் குஞ்சு அடையையும் சேர்த்தே எடுத்துத் தின்றதும் உண்டு. ஆனால் இன்று காடும் பூவும் குறைந்துவிட்ட நிலையில், குஞ்சையும் கொஞ்சம் தேனையும் விட்டால்தான் அந்தக் கூட்டம் அங்கேயே தங்கும். குஞ்சை இழந்த கூட்டம் மறுநாளே கிளம்பிப் போய்விடக்கூடும்.

அடைகளைத் தோல் பையில் போட்டுக் கயிற்றில் கீழே இறக்குவது பழைய வழக்கம். தட்டை மூடி, இடைவெளி இருந்தால் அடைத்துவிட்டு, புகைக்கட்டைக் கீழே கொண்டுவந்து தண்ணீரிலோ ஈர மண்ணிலோ முழுக்க அணையுங்கள். மேலிருந்து தூக்கி எறியாதீர்கள். காய்ந்த மாதங்களில் ஒரு பொறி போதும், ஒரு சரிவே போய்விடும்.

கொண்டுவந்த தேனை என்ன செய்வார்கள் என்று கேட்டால், என்ன செய்யமாட்டார்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். அடையோடு தின்பார்கள், தண்ணீரில் கலந்து குடிப்பார்கள், இருமலுக்கும் காயத்துக்கும் மருந்தாக்குவார்கள். உலர்த்திய இறைச்சியைத் தேனோடு சேர்த்துவைத்தால் நாள்பட இருக்கும், வேட்டை கிடைக்காத நாட்களுக்கு அதுதான் கைப்பொருள். தேன் மது இல்லாமல் பழைய சடங்கு எதுவும் இல்லை. பெண் கேட்கப் போகும்போதும் தேன், பெரியவர்கள் வாழ்த்தும்போதும் தேன். மாசாய் மக்களுக்குத் தங்கள் சடங்குகளுக்குத் தேன் வேண்டும், அவர்களிடம் மாடு உண்டு; ஓகியெக் மக்களிடம் தேனும் எருமைத் தோலும் உண்டு. பண்டமாற்று இப்படித்தான் ஓடியது. ஒன்றுமில்லாதவன் என்று பெயர் வைத்தவர்களே தங்கள் சடங்குக்கு இவர்களிடம்தான் வர வேண்டியிருந்தது.

வேட்டையைப் பற்றி நீட்டப் போவதில்லை. எருமை, காட்டுப்பன்றி, சிறு மான்கள், மரத்தில் வாழும் முயல் அளவு விலங்கான மர ஹைராக்ஸ் என்று ஒரு காலத்தில் நாயோடும் பொறியோடும் பிடித்தார்கள், ஹைராக்ஸ் தோலைத் தைத்துப் போர்வையாக்கி உயரக் காட்டின் குளிரைத் தாங்கினார்கள். கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை இருக்கிறது. இன்று பல குடும்பங்கள் உருளைக்கிழங்கும் சோளமும் போட்டு, ஆடு மாடு வளர்த்து வாழ்கின்றன. ‘அப்படியானால் அவர்கள் இனி காட்டு மக்கள் இல்லையே’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு வக்கீல்களும் நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் வாதமாக வைத்தார்கள்.

அந்த வழக்கு இதுதான். 2009 நோட்டீஸுக்குப் பிறகு ஓகியெக் அமைப்புகள் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்துக்குப் போயின. ஆணையம் 2012இல் அதைத் தான்சானியாவின் அரூஷாவில் இருக்கும் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2017 மே 26 அன்று தீர்ப்பு வந்தது. ஓகியெக் மக்கள் மாவ் காட்டின் பூர்வகுடிகள், அவர்களை வெளியேற்றியது தவறு, காட்டின் அழிவுக்கு அவர்கள் காரணம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. வாழ்க்கை முறை மாறியதால் உரிமை போய்விடாது என்பதும் அதில் அடக்கம். 2022 ஜூன் 23 அன்று இழப்பீட்டுத் தீர்ப்பு: பொருள் இழப்புக்கு 5 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் கென்ய ஷில்லிங், மன வேதனைக்கு 10 கோடி ஷில்லிங், அதோடு பூர்வீக நிலத்தை அளந்து எல்லை குறித்துக் கூட்டுப் பட்டா கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு. அதே 2022 செப்டம்பரில் எல்கன் மலையின் செப்கிட்டாலே ஓகியெக் மக்களுக்கும் கென்ய நீதிமன்றம் ஒன்றில் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. கென்யாவின் 2010 அரசியல் சட்டமே வேட்டையாடி, காட்டில் உணவு சேகரித்து வாழ்ந்த சமூகங்களின் பூர்வீக நிலத்தைச் சமூக நிலம் என்று ஒப்புக்கொள்கிறது. இவ்வளவும் இருந்தும், 2023 நவம்பரில் நரோக் பகுதியின் சசிம்வானியில் ஓகியெக் குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். தாளில் அடித்துவிட்ட அந்த நடு அடுக்கு ஞாபகம் இருக்கிறதா? அதற்காகத்தான் வரையச் சொன்னேன்.

நேரில் போய்க் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நகுரு கவுண்டியில் உள்ள மரியஷோனி பகுதியில் ஓகியெக் தேன் குழுக்கள் இருக்கின்றன, அந்தத் தேனை, மரபு உணவுகளைக் காக்கும் ஸ்லோ ஃபுட் என்னும் உலக இயக்கமும் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், மண்பாதைகள் சேறாகிவிடும், அதைத் தவிர்த்துப் போவது நல்லது. கம்பளி உடுப்பு எடுத்துப்போங்கள், ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைத்து நடுங்கிப்போகாதீர்கள். தனியாகக் காட்டுக்குள் இறங்காமல் அங்குள்ள ஓகியெக் அமைப்பு ஒன்றின் மூலமாகப் போங்கள், அவர்கள் கேட்கும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். பெரியவர்களிடம் முதல் கேள்வியாக எத்தனை கூடு, எவ்வளவு வருமானம் என்று ஆரம்பிக்க வேண்டாம். இந்தச் சரிவு யாருடையது, அடுத்த ஓடைக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக ஓடும். கூட்டைப் படமெடுக்கும் முன் கூட்டுக்காரரிடம் கேளுங்கள். படத்தோடு இருப்பிடக் குறியீடும் சேர்ந்து வெளியே போய்விடாதபடி கைபேசியில் அதை அணைத்துவையுங்கள், கூட்டின் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

தேன் வாங்கினால் இது கவனத்தில் இருக்கட்டும். சிலிப்வேத் தேன் சில மாதத்தில் உறைந்து வெளுத்துவிடும். சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம், அந்தப் பூவின் தேன் அப்படித்தான். இளக வேண்டுமானால் பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள், அடுப்பில் நேரே வைக்காதீர்கள், வாசனை போய்விடும். எனக்குக் கேட்டால் இளக்கவே வேண்டாம், உறைந்ததைக் கரண்டியால் வழித்து அப்படியே நாக்கில் வைத்துக் கரையவிடுங்கள்.